வினோலியா டீச்சரின் டி டிரைவ்

வினோலியா டீச்சருக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரை வாயால் சொல்ல முடியாது. கொண்டையில் பென்சில் செருகுவதுபோல ஆட்காட்டி விரலைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோய் ஒரு குத்து. அவ்வளவுதான் பெயர். காது கேளாதோர் பள்ளி வராந்தாவில் ஒரு பிள்ளை அப்படிக் குத்திக் காட்டினால் டீச்சர் வருகிறார் என்று அர்த்தம். கண்ணையும் உருட்டிக் காட்டினால் கோபமாக வருகிறார் என்று அர்த்தம்.

அவள் படித்தது தமிழ். யாரோ ஒரு டீச்சர் பிரசவ லீவில் போனபோது, அவர் திரும்பும்வரை என்று வந்து சேர்ந்தவள். முதல் வாரம் தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்களிடமே உட்கார்ந்து கைமொழி கற்றுக்கொண்டாள். லீவில் போனவர் திரும்பி வந்து, பிறகு கணவர் வீட்டார் ஊரான சேலத்துக்கே போய்விட்டார். வினோலியா போகவில்லை. கொண்டையில் இரண்டு மூன்று நரையும் பென்சிலுமாக இன்றைக்கும் அதே வகுப்பில் நிற்கிறாள்.

பிள்ளைகளிடம் அவளுக்கு இருக்கும் பொறுமைக்கு அளவில்லை. ஒரே சொல்லை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டுவாள். பொருள்களிடம்தான் கடுகளவும் கிடையாது. குக்கரில் ஆவி அடங்கும்வரை நிற்க மாட்டாள். பூட்டுத் திறக்காவிட்டால் சாவியை வளைத்துவிடுவாள். அவள் கணவன் அமலன் மில்லில் ஃபிட்டர். "நம்ம வீட்ல ரிப்பேர் ஆகுறது எல்லாமே உன் அவசரத்துலதான் ஆகுது" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்து தருவான்.

பொங்கல் லீவு முடிந்து பிள்ளைகளை விடுதியில் விட வந்த தாய்மார்களில் முத்துப்பேச்சியும் ஒருத்தி. ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் தக்காளியும் அவரையும் போடுகிறவள். மகள் பவித்ராவுக்கு எட்டு வயசு, பிறவியிலேயே காது கேட்காது. பையைக் கீழே வைத்தவள் அப்படியே அழுதாள்.

"ரெண்டு நாளா பிள்ள அழுதுச்சு டீச்சர். வயித்து வலியா இருக்கும்னு ஓமத்தண்ணியக் குடுத்துக்கிட்டே இருக்கேன். கடைசில பாத்தா கடவாப் பல்லு. பெத்தவளுக்கு, எங்கடி வலிக்குதுன்னு கேக்கத் தெரியல பாருங்க."

பிள்ளைகள் பள்ளியில் கற்கும் மொழி வீட்டில் யாருக்கும் தெரியாது. லீவுக்குப் போனால் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் ஏதோ சாடை காட்டிக்கொள்வார்கள், அதோடு சரி. இது வினோலியாவுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் அந்த ஓமத்தண்ணி அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. தாய்மார்களுக்காகச் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். கோடை லீவு தொடங்குகிற அன்று எல்லார் போனிலும் மொத்தமாக ஏற்றிவிட வேண்டும்.

அதற்காகத்தான் அந்த லேப்டாப் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய லேப்டாப் விற்கும் முகமது யாசின் கடையில் வாங்கினாள். ஏதோ கம்பெனியில் உழைத்து ஓய்ந்த பெட்டி அது. கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது. "நல்ல பெட்டிக்கா, கொஞ்சம் மெதுவாப் போகும். அவசரப்படுத்தாதீங்க" என்றுதான் யாசின் கொடுத்தான். கொடுத்தது யாருக்கு என்று அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் பவித்ராவைச் சுவரோரம் நிறுத்தி, போனில் படம் பிடிப்பாள். வயிறு, பல், காது, தலை. வலி என்றால் அந்த இடத்தில் விரல்களை மடக்கி முறுக்கிக் காட்ட வேண்டும், முகமும் சுளிக்க வேண்டும். முகம் சுளிக்காவிட்டால் பாதி அர்த்தம்தான். பவித்ரா சுளிப்பதில் கெட்டிக்காரி. பல்வலிக்கு அவள் காட்டிய முகத்தைப் பார்த்து வினோலியாவுக்கே பல் கூசியது. வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் ஏற்றி, வெட்டி ஒட்டி, கீழே தமிழில் எழுத்துப் போட்டு, டி டிரைவில் சேர்த்து வைப்பாள். 'சாப்பாடு', 'வீடு', 'பயம்', 'உடம்பு' என்று தனித்தனி ஃபோல்டர். பவித்ரா நடித்ததெல்லாம் 'உடம்பு'க்குள் இருந்தது.

ஏப்ரல் பிறந்ததும் லேப்டாப் மூச்சுத் திணற ஆரம்பித்தது. வெட்டிய வீடியோவைச் சேமிக்கப் போனால் இடம் இல்லை என்றது. சி டிரைவின் பட்டை ரத்தச் சிவப்பாக நின்றது. விண்டோஸ், வீடியோ வெட்டும் சாஃப்ட்வேர், அது போட்டுவைக்கும் குப்பை எல்லாம் சி-யில்தான் போய் விழும். அந்த சி-யையோ முன்பு வைத்திருந்தவர்கள் ஒண்டுக்குடித்தனம்போலச் சின்னதாக வெட்டி, மிச்சத்தை எல்லாம் டி-க்குக் கொடுத்திருந்தார்கள். டி-யில் பாதிக்கு மேல் காலி. பக்கத்து வீட்டில் அறைகள் சும்மா கிடக்க, இந்த வீட்டில் காலை நீட்ட இடமில்லை.

இந்தப் பங்கீட்டை, அதாவது பார்ட்டிஷனை, மாற்றிக்கொள்ளலாம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வினோலியா செய்து முடித்துவிட்டாள். டி-யைச் சுருக்கினாள். திரையில் காலியிடம் கறுப்புப் பட்டையாக வந்து நின்றது. அதை சி-யோடு சேர்க்கப் போனால், சேர்க்கும் பொத்தான் மங்கிக் கிடந்தது. என்ன அழுத்தியும் அசையவில்லை. யாசினுக்குப் போன் போட்டாள்.

"கறுப்புப் பட்டை எங்கக்கா இருக்கு? டி-க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம். கடைசில."

"அதான் சேராது. ஒட்டுன எடமா இருந்தாத்தான சுவர எடுத்துட்டு சேக்க முடியும்? நடுவுல டி குடியிருக்குல்ல."

"அப்ப என்னதான் பண்றது?"

"டி-ல உள்ளதப் பூராம் வெளிய எடுத்து வச்சிட்டு, டி-யவே அழிச்சிரணும். சி-க்கு வேணுங்கிறதக் குடுத்துட்டு, மிச்சத்துல புது டி போட்டுக்கலாம். எங்கிட்ட பெரிய டிஸ்க் ஒண்ணு இருக்கு, கொடைரோட்டுல ஒரு கஸ்டமருக்குக் குடுத்திருக்கேன். திங்கக்கெழம வந்துரும். அதுவரைக்கும் கைய வைக்காதீங்க."

அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கள்வரை காத்திருப்பதாவது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் வினோலியா பென் டிரைவ் வேட்டைக்குக் கிளம்பினாள். கோயில் பாடகர் குழுவிடமிருந்து ஒன்று வந்தது. நாத்தனார் வீட்டிலிருந்து ஒன்று. மில் வேன் ஓட்டும் ராமரிடம் அமலனே போய்க் கேட்டு, பாட்டுகள் நிறைந்த ஒன்றை வாங்கி வந்தான். "பாட்டு ஒண்ணு போனாலும் ராமரு என்னைய வேன்ல ஏத்த மாட்டாரு" என்று எச்சரித்துக் கொடுத்தான். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, போன வருடம் திருவிழாக் கடையில் வினோலியாவே வாங்கி அலமாரியில் போட்டு வைத்திருந்தது. கையளவு சாமானுக்குள் கடலே அடங்கும் என்று அதன் அட்டையில் போட்டிருந்தது. மற்ற ஃபோல்டர்களைப் பங்கு போட்டு அனுப்பிவிட்டு, கனமான 'உடம்பு' ஃபோல்டரை அதில் ஏற்றினாள். சமர்த்தாக வாங்கிக்கொண்டது.

"ஏறுனது ஓடுதான்னு ஒருதரம் பாத்துக்க" என்றான் அமலன்.

"பேரெல்லாம் தெரியுதே, அது போதும்."

டி-யை அழித்தாள். சி-யை விரித்தாள். சிவப்புப் பட்டை நீலமாக மாறியபோது அவளே கை தட்டிக்கொண்டாள். புது டி போட்டு, ஒவ்வொரு பென் டிரைவாகத் திருப்பி ஏற்றினாள். சாப்பாடு ஓடியது. வீடு ஓடியது. பயமும் ஓடியது. 'உடம்பு' ஃபோல்டரைத் திறந்து பல்வலியை அழுத்தினால் திரை கறுப்பாகவே நின்றது. காது, வயிறு, தலை எல்லாமே அப்படித்தான்.

திங்கட்கிழமை யாசின் அந்தப் பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டூப்ளிகேட்டுக்கா இது. மேல அம்புட்டுப் பெருசாப் போட்டிருப்பான், உள்ள கொஞ்சம்தான் இருக்கும். நெறஞ்சாலும் சொல்லாது. வாங்குற மாதிரியே வாங்கி எல்லாத்தையும் கீழ கொட்டிரும்."

"டி-ல இருந்து திருப்பி எடுக்க முடியாதா தம்பி?"

"அழிச்சதோட நிறுத்தியிருந்தா எடுத்திருக்கலாம். நீங்க அது மேலயே மத்ததெல்லாம் ஏத்திட்டீங்களே. செத்த நேரம் உக்காருங்க, பாக்குறேன்."

கையில் இருந்த வேலையை ஒதுக்கிவிட்டு அவன் தேடினான். கிடைத்தவை சிலதான். அவற்றிலும் படம் ஓடவில்லை, பவித்ராவின் நெற்றி மட்டும் சதுரம் சதுரமாக உறைந்து நின்றது. சத்தம் நன்றாக வந்தது. வகுப்பறை மின்விசிறி கடகடத்தது, வேப்பமரத்தில் காக்கை கத்தியது, நடுவில் வினோலியா தனக்குத்தானே சிரித்தாள். காது கேளாத பிள்ளையின் பாடத்தில் காதுக்கு மட்டுமே ஏதோ மிஞ்சியிருந்தது. யாசின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தான்.

போனில் இருந்த மூலப் படங்களையும் இடம் இல்லை என்று அவ்வப்போது அழித்திருந்தாள். பரீட்சையும் விடைத்தாளும் போட்டு அழுத்த, மறுபடி எடுக்க நேரம் கூடிவரவில்லை. லீவு விடும் நாளும் வந்துவிட்டது. தாய்மார்கள் பைகளோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற வீடியோக்களை ஒவ்வொரு போனாக ஏற்றிவிட்டு, வினோலியா சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"வலியக் கேக்குற பாடம் இதுல இல்லம்மா. என் அவசரத்துல அழிஞ்சு போச்சு. பவித்ரா அம்புட்டு அழகாச் செஞ்சு குடுத்திருந்தா. லீவு முடிஞ்சு வாரப்ப எடுத்துத் தாரேன்."

முத்துப்பேச்சி எழுந்தாள்.

"பல்லுக்கு இப்படித்தான டீச்சர்?" கன்னத்தோரம் விரல்களை மடக்கி முறுக்கினாள். முகம் கோணியது. "காதுக்கு இப்படி. வயித்துக்கு இப்படி."

வினோலியா அசந்துபோனாள். "உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம பாக்க வந்தேன்ல. இவதான் மரத்தடியில உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தா. தப்பாச் செஞ்சா கையில அடிக்கா டீச்சர், உங்கள மாதிரியே முழிக்கா." மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

வினோலியா வேறொன்றும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரோ முனகியதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முத்துப்பேச்சியையும் பவித்ராவையும் வேப்பமரத்தடியில் எதிரெதிராக நிறுத்திப் போனைத் தூக்கினாள். இந்தத் தடவை பிள்ளை தனியாக நடிக்கவில்லை. தாய் கேட்டாள், மகள் பதில் சொன்னாள். எங்கே வலிக்கிறது? பல். எங்கே வலிக்கிறது? காது. முத்துப்பேச்சியின் விரல்கள் காய் பறித்துக் காய்த்தவை, எளிதில் மடங்கவில்லை. பவித்ரா நடுவிலேயே கையை நீட்டி அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். சுற்றி நின்ற தாய்மார்களும் தங்கள் பிள்ளைகளைப் பார்த்து அதையே செய்து பார்க்க ஆரம்பித்தார்கள். படம் பிடித்த கையோடு, வெட்டாமல் ஒட்டாமல், அவரவர் போனுக்கு அனுப்பினாள். ஒவ்வொரு போனிலும் ஓடுகிறதா என்று திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த போனுக்குப் போனாள்.

எல்லாம் முடிந்தது என்று அவள் போனைத் தாழ்த்தப் போனபோது, பவித்ரா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். அம்மாவைச் சுட்டிக்காட்டினாள். பிறகு விரல்களை மடக்கி முறுக்கி, புருவத்தை உயர்த்திக் கேட்டாள். உனக்கு எங்கே வலிக்கிறது?

முத்துப்பேச்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது. எனக்கென்ன என்று கையை விரித்தாள். பிள்ளை விடவில்லை, மறுபடியும் கேட்டாள். முத்துப்பேச்சி வினோலியாவை ஒருதரம் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களை முறுக்கினாள். முகம் தானாகவே சுளித்தது. பவித்ரா தலையாட்டிவிட்டு, பெரிய மனுஷிபோல அம்மாவின் பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

"அட, குடுடி, கனமா இருக்கு" என்று பின்னாலேயே ஓடினாள் முத்துப்பேச்சி. சொன்னது பிள்ளைக்குக் கேட்காது என்பது நாலடி போன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முன்னால் போய் நின்று, கையால் சொன்னாள்.