ஏழாவது வரிசையின் மின்பெட்டி

மின்பெட்டிக்குள் முழங்கை வரை நுழைந்திருந்த அந்தக் கைகளை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவை ஃபோர்மேன் அண்ணனுடையவை. கோவைக்குக் கிழக்கே, துறைமுகத்துக்கு ரயிலேறும் கண்டெய்னர்கள் காத்துக் கிடக்கும் யார்டில் அவர் மின்பராமரிப்பைப் பார்த்தார். நான் அவருக்கு மேலிருந்த இன்ஜினியர். வயதிலும் அனுபவத்திலும் அவர்தான் மேல்.

டீசலை ஓரங்கட்டி, கிரேன் முதல் குளிர்பதன கண்டெய்னர் வரை எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றியிருந்த காலம். மாலையில் ஊரெல்லாம் மின்சாரம் இழுக்கும்போது குளிர் கண்டெய்னர்களுக்குப் போகும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டரே சற்று நேரம் நிறுத்திவைக்கும். உள்ளே சூடேறினால் யாரையும் கேட்காமல் திரும்பக் கொடுக்கும். அந்த ஏற்பாட்டைச் செய்தவள் நான். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பெட்டியில் கைவைப்பவர், நான் ஆபீஸிலிருந்து வரிசையை அணைத்தபின், மின்சாரம் திரும்ப வராதபடி அதன் சுவிட்சுக்கும் பூட்டுப் போட வேண்டும் என்பது விதி. அண்ணன் போடமாட்டார். கண்டித்தால், "நீங்க ஆஃப்னு சொன்னா போதாதுங்களா அம்மணி? அதுக்கு மேல பூட்டுப் போட்டா உங்களை நம்பலீன்னு ஆயிப்போகுமுங்க" என்பார். அந்த மரியாதையில் குளிர்ந்துபோய் நானும் விட்டுவிட்டேன்.

அன்று ஏழாவது வரிசையை அணைக்கச் சொல்லி மதியமே கேட்டிருந்தார். மறந்துவிட்டேன். மாலையில் போன் செய்தார். "ஏனுங்க அம்மணி, ஆஃப் பண்ணிப்போட்டீங்களா?" என் திரை அந்த வரிசைக்கு மின்சாரம் பூஜ்யம் என்று காட்டியது; நான் அணைத்ததாகவே நினைத்துக்கொண்டேன். "பண்ணியாச்சுங்கண்ணா" என்றேன். சற்றுக் கழித்து டீ குடிக்க யார்டுக்குள் நடந்தபோது, அந்த வரிசையில் ஒரு கண்டெய்னரின் வெப்ப எண் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. அணைத்தது நானல்ல, கம்ப்யூட்டர். எந்த நொடியும் அது திரும்பக் கொடுத்துவிடும்.

ஓடினேன். அவர் செத்துவிடுவார், நான்தான் கொன்றேன் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. எப்படியோ "அண்ணா!" என்று கத்திவிட்டேன். யார் கூப்பிட்டாலும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி நின்றுதான் பதில் சொல்வார். கைகளை வெளியே எடுத்து, "சொல்லுங்க அம்மணி" என்றார். பெட்டிக்குள் 'டக்' என்றது. வரிசை முழுக்க விசிறிகள் ஓடத் தொடங்கின.

மேனேஜர் விசாரித்தபோது அண்ணன் முந்திக்கொண்டார். "பூட்டுப் போடாதது என்ர தப்புங்க. அம்மணிதான் காப்பாத்துனாங்க." எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். வேலை போய்விடுமோ என்று பயம். அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமோ என்று அதைவிடப் பயம்.

இப்போது பூட்டுப் போடாமல் அங்கே எந்தப் பெட்டியும் திறக்காது. அதையும் நான்தான் செய்துவைத்தேன். அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் அவர் மகள் கல்யாணம். பந்தியில் அவர் மனைவி என்னிடம் வந்து குனிந்து, "நீங்க அன்னிக்குக் கத்தலீன்னா இந்தக் கல்யாணத்துக்கு அவரு இருந்திருக்க மாட்டாருங்க கண்ணு" என்றார்.

அணைக்க மறந்தது நான்தான் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டார். குனிந்து சாப்பிட்டேன்.