ஏழு வாளித் தண்ணீர்

பிப்ரவரிக் கடைசியில் டிவியில் புயல் வரைபடத்தைக் காட்டியதும் பெர்னடின் ஹட்னாக்குக்கு இளக்காரமாகச் சிரிப்பு வந்தது. மிசௌரியில் ஆரம்பித்து அவர்கள் ஊரான பிட்ஸ்பர்க் வரைக்கும் ஊதா நிறத்தை அப்பி வைத்துக்கொண்டு, முதலில் பனி, அப்புறம் பொடிக்கல் மழை, கடைசியில் விழுந்த இடத்திலேயே உறைகிற மழை என்று டை கட்டிய ஒருவன் விருந்துப் பட்டியல் மாதிரி வாசித்தான். அதைக் கேட்டுத் தெருவே பாலும் ரொட்டியும் வாங்க ஓடியது.

"ரெண்டு நாள் வீட்ல கெடக்கறதுக்கு நாலு ரொட்டியாம். புயல விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்களா?" என்றாள் கணவன் எமிலிடம்.

அவளுக்கு அறுபத்தொன்பது வயது. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசியல் அள்ளிப் போட்டவள். தெருவில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டவர்கள். யார் தட்டில் மிச்சம் வைத்தார்கள், யார் பக்கத்துத் தட்டில் திருடினார்கள் என்று இன்னும் ஞாபகம் வைத்திருந்தாள். அவள் கேவலமாக நினைக்காத ஒரே ஆள் எமில்தான். அதையும் அவனிடம் சொன்னதில்லை.

எமிலுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். கால்களில் பலமில்லை, கார் வாசலுக்கு நேராக நிற்க வேண்டும். அவர்கள் தெரு செங்குத்தான மேடு; வாடகை வண்டிக்காரர்கள் குளிர்காலத்தில் அதில் ஏறமாட்டார்கள்.

நல்லவேளையாக அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. தெருவோரத்தில் பனியை வாரிக் கார் நிறுத்த இடம் பண்ணியவருக்கே அந்த இடம். வெளியே போகும்போது ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால் போதும். சட்டத்தில் கிடையாது. ஆனால் போலீஸ்காரன்கூட அந்த நாற்காலியைத் தொடமாட்டான்.

புதன்கிழமை பனிக்கு ஒரு தடவை, பொடிக்கல்லுக்கு ஒரு தடவை, வியாழன் காலை உறைமழைக்கு ஒரு தடவை என்று மூன்று முறை இடுப்பொடிய வாரினாள். மஞ்சள் மடக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு எமிலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்தால், அவள் இடத்தில் ஒரு சிவப்புக் கார். நாற்காலி அவள் வாசலில் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

கார் எதிர்வீட்டு டெவினுடையது. முப்பது வயது. டிசம்பரில் வெயில் காயும் அரிசோனாவிலிருந்து வந்தவன். கோடைக்கால டயரோடு வந்திருந்தான், முட்டாள்.

மற்ற இடங்களிலெல்லாம் நாற்காலிகள். காரைக் கீழ்முனையில் விட்டுவிட்டு எமிலைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். அறுபது கஜம் ஏற நாற்பது நிமிடம். இரண்டு வீட்டுப் படியில் உட்காரவைத்தாள். திரைச்சீலைகள் அசைந்தன. ஞாயிறன்று சர்ச்சில் கைகுலுக்கிச் சமாதானம் சொல்கிற கும்பலில் ஒரு ஆள் வெளியே வரவில்லை.

டெவின் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். அந்தத் தெருவில் யாரும் அப்படிச் செய்வதில்லை. நாற்காலியை எடுத்தவனுக்கு வேறு தண்டனை உண்டு. இருட்டுவதற்குள் ஏழு வாளித் தண்ணீர் சுமந்து, சக்கரங்களிலும் கதவுகளிலும் ஊற்றினாள். குளிர் அவள் பக்கம் இருந்தது. கார் தெருவோடு சேர்ந்து இறுகிப்போனது.

"இனி அவன் நகரமாட்டான்!" என்று வெற்றியோடு உள்ளே வந்தாள்.

எமில் கேட்டான்: "சரி. அப்ப சனிக்கிழம நம்ம கார எங்க நிறுத்தறது?"

திங்கள்கிழமை வரை உருகாது என்று அந்த டை கட்டினவன் வேறு சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடப்பாரையும் உப்புமாக இறங்கினாள். எதிரியின் காரை அவளே கொத்தினாள். பக்கத்து வீட்டு ரெஜினா ஜன்னலைத் திறந்து, "ஏன் பெர்னி, நேத்து வாளியோட பாத்தேனே, செடிக்கா தண்ணி ஊத்தின?" என்றாள்.

"ஜன்னல மூடுடி, சளி புடிச்சிக்கும்."

டெவின் ஓடி வந்தான். "ஐயோ மேடம், என் காருக்காகவா இவ்ளோ கஷ்டப்படறீங்க? எங்க ஊர்ல ஐஸ்னா டம்ளர்ல மட்டுந்தான். புயல் என் கார மட்டும் இப்படிப் புடிச்சிருச்சு பாருங்க. உங்க நாற்காலியும் ரோட்ல கெடந்துச்சு, வீணாப்போயிடுமேன்னு மடிச்சு வச்சேன். உங்க மாதிரி நல்ல மனசு யாருக்கும் வராது."

அவள் இன்னும் வேகமாகக் கொத்தினாள். இரண்டு பேருமாக மதியம் ஒரு மணிக்குக் காரை விடுவித்தார்கள். அவன் எங்கோ கீழே கொண்டுபோய் நிறுத்தினான்; அவள் தன் காரை மேலே கொண்டுவந்து அந்த இடத்தில் விட்டாள்.

சனிக்கிழமை எமில் வாசலிலேயே கார் ஏறினான். "நாப்பது வருஷத்துல உனக்கு நல்ல மனசுன்னு சொன்ன மொத ஆளு. உண்மையச் சொல்லிடு அவன்கிட்ட" என்றான்.

"நீ வாய மூடிட்டு வா."

நாலரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அவள் இடம் காலியாக இருந்தது. நடுவில் மஞ்சள் நாற்காலி. அதில் போர்வையைச் சுற்றிக்கொண்டு டெவின் உட்கார்ந்திருந்தான். மூக்கு சிவந்து, உதடு வெடித்திருந்தது.

பெர்னடின் கண்ணாடியை இறக்கினாள். "நாற்காலி மட்டும் இருந்தா போதும்டா முட்டாப் பயலே. ஆள் உக்கார வேணாம்." தொண்டையைச் செருமினாள். "இன்னொண்ணு. உன் கார் ஒறைஞ்சது புயலால இல்ல. நாந்தான் தண்ணி ஊத்தினேன். ஏழு வாளி."

"தெரியும் மேடம். நேத்து சாயங்காலமே ரெஜினா சொல்லிட்டாங்க. எதுக்கு ஊத்தினீங்கன்னும் சொன்னாங்க." அவன் எழுந்து நாற்காலியை மடித்து ஓரமாக நகர்த்தினான். "கார உள்ள விடுங்க. மொதல்ல அவர எறக்குவோம்."

தெருவில் அத்தனை பேரையும் நிமிர்ந்து நின்று அற்பமாகப் பார்த்தவள், அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு காரை உள்ளே விட்டாள்.