ஊருக்கெல்லாம் சொன்ன நோலீன்

கர்ராபின் ஊரில் ஒருவர் செத்தால், அந்தச் செய்தி நோலீன் டன்ஸ்டன் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவர் செத்ததாகக் கணக்கு. காலைச் செய்தி முடிந்ததும், ஆட்டுச் சந்தை விலைக்கு முன்னால், ஊர் ரேடியோவில் அவள் இறப்பு அறிவிப்பு வாசிப்பாள். பெயர், தேவாலயம், நேரம், பூ வேண்டாம் தீயணைப்புப் படைக்கு நன்கொடை கொடுங்கள் என்று ஒரு வரி, அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் யாருக்கும் போன் செய்து சொல்வதில்லை. தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால், "ஏன், எங்க வீட்டுல ரேடியோ இல்லைன்னு நெனச்சியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

நோலீனுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டிக்கொண்டவன் வேலை தேடிக் கடற்கரைப் பக்கம் போனான்; போனவன் போனவன்தான். பிள்ளை இல்லை. அம்மா எட்னா முதியோர் இல்லத்தில் இருந்தாள். தம்பி நெவில் மேற்கே, செம்மண் பாதையில் பாதிப் பகல் வண்டி ஓட்டிப் போகவேண்டிய தூரத்தில், அப்பாவின் ஆட்டுப் பண்ணையில் தனியாக இருந்தான். அக்காளும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகியிருந்தது.

காரணம் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அப்பா போனதும் வக்கீல் உயிலைப் படித்தார். நிலம் மொத்தமும் மகனுக்கு. மகளுக்குப் பியானோவும் ஆசீர்வாதமும். நோலீன் எழுந்து, "அந்த மண்ணையே அள்ளித் தின்னுடா" என்றாள். நெவில் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை அன்றோடு முடிந்திருக்கும். டன்ஸ்டன் குடும்பத்து ஆண்களுக்கு வாய் சாப்பிட மட்டும்தான்.

ஆனாலும் இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆட்டு விலைக்கும் மழைச் செய்திக்கும் இடையில், சம்பந்தமே இல்லாமல், "எட்னா டன்ஸ்டனுக்குச் சளி விட்டுவிட்டது, நேற்று கஸ்டர்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்" என்பாள் நோலீன். அது யாருக்கு என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

நெவிலும் அம்மாவைப் பார்க்க வருவான், அதுவும் அக்காள் ஒலிபரப்பில் இருக்கும் நேரம் பார்த்து. வழியெல்லாம் பிக்-அப் வண்டியின், மத்திய அலை மட்டும் பிடிக்கும் பழைய ரேடியோவில் அவள் குரல் வந்துகொண்டே இருக்கும். அவள் மைக்கின் முன்னால் கட்டுண்டு கிடக்கிறாள், வந்து மாட்டிக்கொள்ள மாட்டாள் என்ற தைரியம் அவனுக்கு. இல்லத்து நர்ஸ் ஜோசி உடனே நிலையத்துக்குப் போன் போடுவாள். "நெவில் வந்திருக்கார்." "துரைக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று நோலீன் வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள். ஆனால் அன்றைக்கு மட்டும் நிகழ்ச்சி நீண்டுகொண்டே போகும். அடுத்த அறிவிப்பாளன் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் கையை ஆட்டினாலும் அவள் எழுந்திருக்க மாட்டாள். அவன் அம்மாவோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்றுதான்.

அப்புறம் நிலையத்தை ஒரு நகரத்துக் கம்பெனி வாங்கியது. மத்திய அலையை மூடிவிட்டுப் பண்பலைக்குப் போகப்போகிறோம் என்றான் புது மேலாளர் பிரெண்ட். சுவரில் வரைபடத்தை மாட்டி, ஊரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டு, பண்பலை இதுவரைக்கும்தான் எட்டும் என்று காட்டினான். நோலீன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"மேற்கே இந்தப் பக்கம்லாம் வெளியில நிக்குதே?"

"அங்க யாருங்க இருக்கா?"

"ஆளு இருக்கு."

"எத்தனை பேரு?"

நோலீன் தயங்கினாள். "எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்."

பிரெண்ட் சிரித்துவிட்டான். "ஒருத்தருக்காக ஒரு கோபுரத்தை நிறுத்தி வெக்கச் சொல்றீங்களா? கூரைமேல உயரமா ஒரு ஆன்டெனா கட்டச் சொல்லுங்க, வந்துரும்."

என் தம்பி என்று அவள் சொல்லவில்லை. மத்திய அலையின் கடைசி வாரம் முழுக்க, "தூரத்தில் இருப்பவர்கள் உயரமாக ஆன்டெனா கட்டிக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்கும்" என்று காலையும் மாலையும் சொன்னாள்.

மாறிய அன்று நிலைய வாசலில் அடுப்பு மூட்டி, தொத்திறைச்சி சுட்டு, ரொட்டியில் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். "நோலீன், பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியில்ல இருக்கு!" என்றார்கள். இரைச்சல் போய், அவள் குரலில் இருந்த வெண்ணெய் அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில், மேற்கே கேட்குமா கேட்காதா என்ற கவலை எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

அந்த மாதம் முடிவதற்குள் எட்னா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அறிவிப்பை வேறு யாராவது படிக்கட்டும் என்றார்கள். "எங்க அம்மா. நான்தான் படிப்பேன்" என்று மைக்கின் முன்னால் போய் உட்கார்ந்தாள் நோலீன். குரல் பிசகவே இல்லை. கடைசியில், வழக்கத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தாள்: "குடும்பத்தார் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் வந்துவிட வேண்டும்." இத்தனை வருஷத்தில் அவள் இறங்கி வந்தது அந்த ஒரு படிதான். அடக்கம் வரைக்கும் ஒவ்வொரு நாளும் அதைப் படித்தாள். பாதிரியார், "நெவிலுக்குத் தகவல் போயிருச்சாம்மா?" என்று கேட்டபோது, "ரேடியோவுல சொல்லியாச்சே ஐயா" என்றாள். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை அடக்கம். பெட்டியின் தலைமாட்டு மூலை பெற்ற மகன் தோளுக்கு உரியது. அதற்கு ஆள் இல்லை. நோலீன் தேவாலய வாசலில் நின்று மேற்குப் பாதையைப் பார்த்தாள். புழுதி கிளம்புகிறதா என்று பார்த்தாள். வெயிலில் எல்லோரையும் காக்க வைத்தாள். கடைசியில் சந்தையில் ஏலம் விடும் பெர்ஸ் முன்னால் வந்து அந்த மூலையைத் தூக்கினான்.

அதன்பின் தேவாலயக் கூடத்தில் தேநீரும் லாமிங்டன் கேக்கும் பரிமாறும்போது, யாரோ மெதுவாகத் தம்பி பேச்சை எடுத்தார்கள். நோலீன் கோப்பையைக் கீழே வைத்தாள். எல்லோர் காதிலும் விழும்படி, ரேடியோவில் பேசுவது போலவே, "எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லை" என்றாள். கூடம் முழுக்க ஆமாம் என்பதுபோல் நின்றது. கல்நெஞ்சன் என்றார்கள், பெற்ற தாயின் அடக்கத்துக்கு வராத கால் என்ன கால் என்றார்கள். அவனுக்குக் கேட்டிருக்குமா என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ரேடியோவில் வந்தாயிற்று, அப்புறம் என்ன?

சில வாரம் கழித்து, ஒரு காலை நேரம், ஜோசியிடமிருந்து போன் வந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நோலீன் எடுத்தாள்.

"நெவில் வந்திருக்கார்."

"இப்ப என்னத்துக்காம்? அவனை அப்படியே திரும்பிப் போகச் சொல்லு."

"நோலீன், நான் சொல்றதைக் கேளு. ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருக்கார். நேரா அம்மா ரூமுக்குப் போயி, அங்க வேற ஆளு படுத்திருக்கறதைப் பாத்து மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு வெளிய வந்து, அம்மாவை எந்த ரூமுக்கு மாத்தியிருக்கீங்கன்னு கேக்கறார்." ஜோசியின் குரல் உடைந்தது. "என்னால சொல்ல முடியலை. நீ வா."

நோலீன் போனை வைக்கக்கூட இல்லை. மைக்கையும் பாட்டையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். கார் சாவியைத் திருப்பும்போது அவளுக்கு அந்த வரைபடம் ஞாபகம் வந்தது.

இல்லத்து வராந்தாவில், பெஞ்சியின் விளிம்பில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் நெவில். தலை முழுக்க நரைத்திருந்தது. தேய்த்த சட்டை போட்டிருந்தான். அக்காளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"இந்தத் தடவை உன்னையும் பாக்கத்தான் வந்தேன்" என்றான் அவசரமாக, எங்கே அவள் திரும்பிப் போய்விடுவாளோ என்பதுபோல. "ஒளிஞ்சு வரலை. ரேடியோவுல நீ வராம அடுப்படி வெறிச்சுன்னு ஆயிருச்சுக்கா. அம்மாவை நடுவுல உக்கார வெச்சு உன்கிட்ட பேசிரலாம்னு வந்தேன். நிலத்தைப் பத்தியும்தான். அம்மாவை எங்க மாத்திட்டாங்க?"

ஆயிரம் சாவை வாசித்த வாய் அது. அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதிலேயே படித்துக்கொண்டான்.

"எப்போ?"

"போன மாசம். நான் சொன்னேன்டா. தினம் சொன்னேன். நீ கேப்பேன்னு..."

"ஒண்ணும் வரலையே."

"ஆன்டெனா?"

"கட்டினேன். வெறும் இரைச்சல்தான்." அவன் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தான். "போன் பக்கத்துலயே இருந்தேன். அம்மாவுக்கு ஒண்ணுன்னா அக்கா அடிப்பா, அடிக்கலைன்னா நல்லாயிருக்கான்னு அர்த்தம்னு நெனச்சுக்கிட்டேன்."

நோலீன் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்டியை யாரு தூக்குனாங்க?" என்று கேட்டான் நெவில்.

"பெர்ஸ். உனக்காக எல்லாரையும் வெயில்ல நிறுத்தி வெச்சிருந்தேன். பாதையையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்னைக்கு?"

"மாசக் கடைசி வியாழக்கிழமை."

நெவில் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். எதையோ நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான்.

"அந்த வியாழக்கிழமையா?" என்றான். "அன்னைக்குப் பகல் பூரா கூரைமேலதான்கா இருந்தேன். கம்பத்தை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி... எந்தப் பக்கமாவது உன் குரல் வருதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

நோலீன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.