கற்பூரம் அடித்த கை

எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்து வெகு காலமாகிறது. மும்பை மான்குர்த்தில் ஏழாவது மாடி, தாராவிக் குடிசைக்குப் பதிலாகக் கொடுத்த வீடு. நல்ல காற்றோட்டம் என்று சொல்லித்தான் சாவியைக் கையில் கொடுத்தார்கள். காற்று ஓடத்தான் செய்கிறது, சிமெண்டையும் கூடவே தூக்கிக்கொண்டு. காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் கான்கிரீட் கலக்கும் பிளான்ட். இந்த ஊரில் எங்கே பழைய கட்டடத்தை இடித்துப் புதுசு எழுப்பினாலும், கலவை இப்படி ஒரு பிளான்டிலிருந்துதான் போகிறது. மிக்ஸர் லாரிகள் வயிற்றை உருட்டிக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கும். காலையில் துடைத்த டிவியின் மேல் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். நான் பிறந்து வளர்ந்த தாராவிச் சந்தில் சாக்கடை நாற்றம் உண்டு, தோல் நாற்றம் உண்டு. ஆனாலும் மூச்சை இழுத்தால் மூச்சு வந்தது.

எனக்காக இதைச் சொல்லவில்லை. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு இழுப்பு வந்தது. பம்ப் என்று நாங்கள் சொல்கிற மூச்சு மருந்து அவள் ஸ்கூல் பையில் ஒன்று, தலையணைக்கடியில் ஒன்று இருக்கும். செம்பூரில் பார்த்த டாக்டர், மருந்து பாதி வேலைதான் செய்யும், மீதிக்கு இடத்தை மாற்றுங்கள் என்றார். இடம் என்ன தலையணை உறையா, கழற்றி மாற்ற? மகளும் பிடிவாதமாக, "அம்மாவ விட்டுட்டு நான் எங்கயும் போமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஆக, ஒன்று அந்த பிளான்ட் போகவேண்டும், இல்லையென்றால் என் பிள்ளை போகவேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் முனிசிபாலிட்டி எலெக்‌ஷன் வந்தது.

வசதிக்காரர்கள் இருக்கும் மாட்டுங்காவில் நான் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறேன். அதில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கட்சியின் நோட்டீஸ் கிடந்தது. வழவழ காகிதம், பச்சை இலை, இங்கிலீஷ். அந்த வீட்டு மாமியிடம் கேட்டு எடுத்து வந்தேன். மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். மரங்களை வெட்டவிட மாட்டோம், கட்டட வேலைத் தூசியைக் கட்டுப்படுத்துவோம், குழந்தைகளுக்குச் சுத்தமான காற்று என்று வரிசையாக எழுதியிருந்தது. "சுத்தமான" என்ற இடத்தில் அவளுக்கு இருமல் வந்து, மீதியை பம்ப் அடித்துவிட்டு வாசித்தாள். அதே கட்சி எங்கள் வார்டில் கொடுத்த நோட்டீஸையும் எடுத்துப் பார்த்தோம். தண்ணீர், கக்கூஸ், கோயில்களுக்கு இலவச பஸ். காற்று என்ற சொல்லே அதில் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டுங்காக்காரன் மூக்கால் மூச்சு விடுகிறான், நாங்கள் என்ன காதால் விடுகிறோமா?

எங்கள் பில்டிங்கில் ஒரு வழக்கம் உண்டு. கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சின்ன அம்மன் கோயில். எலெக்‌ஷன் வந்தால் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அங்கே கூடி, வருகிற வேட்பாளர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைப்போம். அதைச் செய்வதாக யாரை நம்புகிறோமோ அவர்களுக்கே மொத்த ஓட்டும். முன்பு ஒரு தடவை கோயிலுக்கு டைல்ஸ், இன்னொரு தடவை தொட்டிக்கு மோட்டார். இந்தத் தடவை மழைக்கு ஷீட் கூரை கேட்பதாக இருந்தார்கள். கோயில் கமிட்டித் தலைவி எங்கள் மாடிக்காரி, எல்லோருக்கும் பெரிய மைனி; அண்ணியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவள் வாயைத் திறக்கும் முன்னால் நான் கத்திவிட்டேன்.

"அம்மனுக்குக் கூரை இல்லன்னா மழையில நனைவா, செத்தா போயிருவா? எம் பிள்ளைக்கு மூச்சு இல்லன்னா என்ன செய்ய, சொல்லுங்க மைனி!"

அம்மன் முன்னால் அப்படிப் பேசலாமா என்று ரெண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மைனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேரனுக்கும் அதே இருமல்தான்.

"சரிளா, கத்தாத. கூரை பெறவு பாத்துக்கிடலாம். இந்த வாட்டி பிளான்ட்டுதான்" என்றாள்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. முதலில் வந்த அம்மாள் தன் சின்னம் அச்சடித்த மாஸ்க்குகளை எல்லோருக்கும் கொடுத்தாள். தூசிக்குத் தீர்வு கேட்டீர்களே, இதோ என்றாள் ஹிந்தியில். "இதப் போட்டுக்கிட்டு எப்படிக்கா சோறு திங்க?" என்று கேட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாதது அவளுடைய அதிர்ஷ்டம். பிளான்டைப் பற்றிக் கேட்டதற்கு, இது உலகம் பூராவும் இருக்கிற பிரச்சினை, பெரிய பெரிய நாடுகளாலேயே முடியவில்லை என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்து வந்தது ஒரு சின்னப் பெண், சுயேச்சை, வக்கீலுக்குப் படித்தவள். கையில் காற்றில் இருக்கும் தூசியை அளக்கிற ஒரு மெஷின் வைத்திருந்தாள். அதை எங்கள் ஜன்னலுக்கு வெளியே நீட்டியதும் சிவப்பாக மாறிற்று. பிளான்ட் எந்தச் சட்டத்தை மீறுகிறது, யாரிடம் புகார் கொடுக்கவேண்டும், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. என் மகள் முதுகில் கை வைத்து, இருமும்போது எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று கேட்டாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. நீ ஜெயித்தால் இதை மூடிவிடுவாயா என்று மைனி கேட்டாள். அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாதவள். என்னால் மூட முடியாது ஆன்ட்டி, ஒவ்வொரு மீட்டிங்கிலும் கேட்பேன், கோர்ட்டுக்குப் போவேன், நாளாகும் என்றாள். டீ கொடுத்து அனுப்பினோம்.

"நல்ல பிள்ளைதாம்ளா. ஆனா கேள்வி கேக்கதுக்கு நம்மகிட்டயே வாய் இருக்கே" என்றாள் மைனி. நானும் தலையாட்டினேன். நாளாகும் என்ற சொல்லை நான் கேட்கத் தயாராக இல்லை.

மூன்றாவதாக, வழவழ நோட்டீஸ் கட்சியின் வேட்பாளர் வந்தாள். வந்தாள் என்று சொல்வதைவிட அவள் புருஷன் வந்தான் என்று சொல்வதே சரி. போன தடவை அவன்தான் கார்ப்பரேட்டர், அதாவது வார்டு கவுன்சிலர். வார்டு பெண்களுக்கு என்றதும் பெண்டாட்டியை நிறுத்திவிட்டான். அவள் கழுத்து நிறைய மாலையோடு பின்னால் நின்றாள், அவன் பேசினான். நான் மாட்டுங்கா நோட்டீஸை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். அங்கே மட்டும் காற்று, இங்கே கக்கூஸா என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். அவன் சிரித்தான். அது அந்த வார்டுக்கு அச்சடித்தது அண்ணி, உங்களுக்கு அச்சடிக்கமாட்டேன், செய்து காட்டுவேன் என்றான். வாக்குறுதி வேண்டாம், சத்தியம் வேண்டும் என்றாள் மைனி.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை. சாமி முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்கவேண்டும். மீறினால் குலம் தழைக்காது என்று நம்பிக்கை. மைனி அதை அவனுக்கு விளக்கினாள். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் செருப்பைக் கழற்றினான். பிளான்டை எடுக்க வைப்பேன், தாய் மேல் ஆணை என்று சொல்லி ஓங்கி அடித்தான். கற்பூரம் ஒரே அடியில் அணைந்தது. நாங்கள் குலவையிட்டோம். குலவையிட்டதில் நான்தான் அதிக சத்தம் போட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஓட்டுப் போட்டா மூச்சு வந்துருமாக்கும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். வடாலாவில் வெல்டிங் பட்டறையில் வேலை அவருக்கு, எதையும் நெருப்பில் காட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். கற்பூரமும் நெருப்புதானே என்று நான் அவர் வாயை அடைத்தேன்.

மாலையோடு பின்னால் நின்றவளே ஜெயித்தாள். ஊர்வலம் எங்கள் பில்டிங்குக்கு நன்றி சொல்ல வந்தது. வாசலிலேயே சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். புகை படியேறி ஏழாவது மாடிக்கு வந்தது. கீழே மேளம், மேலே என் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், சத்தமே வரவில்லை. பம்ப் அடித்தும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலத்துக்குள்ளேயே புகுந்து ஓடினார். யாரோ எங்கள் மேல் குலால் பொடியை வாரி எறிந்தார்கள். செம்பூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுக்கப்போட்டபோது அவள் நெற்றியில் அந்தச் சிவப்புப்பொடி ஒட்டியிருந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

பிளான்டைச் சுற்றிப் பச்சை வலை கட்டினார்கள். கொஞ்ச நாள் டேங்கர் வந்து தண்ணீர் தெளித்தது. பிறகு டேங்கர் நின்றது, வலை கிழிந்தது, லாரிகள் மட்டும் நிற்கவில்லை. சத்தியம் செய்தவனைத் தேடி நானும் மைனியும் நடையாய் நடந்தோம். எப்போது போனாலும் மீட்டிங். ஒரு நாள் ஆபீஸில் அவன் பெண்டாட்டி தனியாக இருந்தாள். மாலை இல்லாமல் பார்த்தபோதுதான் அவளுக்கு என் வயதுதான் இருக்கும் என்று தெரிந்தது.

சத்தியத்தை நினைவுபடுத்தினோம். அவள் கோபப்படவில்லை. மெதுவாக ஹிந்தியில் சொன்னாள்.

"அன்றைக்கு நான் அங்கேதானே நின்றேன்? ஓட்டு என் பெயருக்கு. சத்தியம் அவரிடம் வாங்கினீர்கள். என்னிடம் ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லையே."

மைனி என் முகத்தைப் பார்த்தாள். நான் மைனி முகத்தைப் பார்த்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி அள்ளி அள்ளிக் கொடுத்தான், வரம் கொடுக்கவேண்டியவளை நாங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இத்தனை பொம்பளைகள் கூடி நின்று குலவையிட்டோமே, ஒருத்திக்காவது அவள் கையைப் பிடித்துக் கற்பூரத்தின் மேல் வைக்கத் தோன்றிற்றா?

"இப்ப கேக்கேன், நீங்க எடுக்க வைப்பீங்களா?" என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்குப் புரிந்தது.

தலையை ஆட்டினாள், முடியாது என்று. அவர் சொல்லாமல் நான் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை என்றாள். பிறகு மேசைக்கு மேல் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல, "என் பையனுக்கும் மூச்சுப் பிரச்சினைதான். நாசிக்கில் அம்மா வீட்டில் விட்டிருக்கிறேன். அங்கே நன்றாக இருக்கிறான். நீயும் உன் பெண்ணை எங்கேயாவது அனுப்பிவிடு அக்கா. காத்திருக்காதே" என்றாள்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கா வாய் இல்லை? எங்கள் வார்டின் காற்றைப் பற்றி அந்த எலெக்‌ஷனில் என் காதில் விழுந்த ஒரே உண்மையான கொள்கை அதுதான்.

நவி மும்பை கோபர்கைரனேயில் என் தங்கை இருக்கிறாள். ஒற்றை அறை, அவளுக்கே ரெண்டு பிள்ளைகள். கேட்டவுடன், "கொண்டாந்து விடுக்கா" என்றாள். மகளிடம் லீவுக்கு என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். வாஷி பாலத்தில் ரயில் கடல் மேல் போகும்போது அவள் கதவருகே நின்று காற்றை வாங்கினாள். பைக்குள் ஸ்கூல் மாற்ற வாங்கிய சர்டிபிகேட் இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அங்கே இழுப்பு குறைந்திருக்கிறது. பம்ப் எடுக்காமலே மாடி ஏறுகிறாள் என்கிறாள் தங்கை. சந்தோஷப்படவேண்டியவள்தான் நான். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், அவள் படுக்கையைச் சுருட்டி வைத்த மூலையைப் பார்க்காத நேரங்களில்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள்.

"எம்மா, நான் எப்ப வீட்டுக்கு வர?"

"வந்துரலாம்ளா. ஏற்பாடு பண்ணிக்கிட்டுதான் இருக்கோம். பிளான்ட்ட எடுக்கப்போறாவ, கொஞ்சம் பொறு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது, இது யார் குரல் என்று. போனில் அவள் மூச்சு கேட்டது, இழுப்பில்லாத நல்ல மூச்சு.

"கற்பூரம் அடிச்சுச் சொல்லுவியா?" என்றாள்.

லாரி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.