திண்டிவனம் மில்லில் பொட்டு வைக்காத தடுப்பு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் இருபத்துமூன்று மைல். இதைப் போய்ப் பயணம் என்று எழுதுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். காசிக்குப் போய் வந்தவர்கள்கூட அன்று நான் பார்த்ததில் பாதி பார்த்திருக்க மாட்டார்கள். மில்லில் கைகால் போய், இனி யாரிடம் போய் நிற்பது என்று விழிக்கிற நம் பக்கத்து ஜனங்களுக்கு உபயோகப்படும் என்றே எழுதுகிறேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, மாசி மாதம். என் தங்கை அஞ்சலையின் புருஷன் முனுசாமி திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆட்டும் ஓர் எண்ணெய் மில்லில் வேலை பார்த்தான். மார்கழியில் ஒரு நாள், ஓடுகிற சக்கரத்துக்கும் தோல் பெல்ட்டுக்கும் நடுவில் வலது கை சிக்கி நான்கு விரல்கள் போயின. சக்கரத்தைச் சுற்றி ஒரு தடுப்பும் இல்லை. முதலாளியோ, மில் வைத்த நாள் முதல் மரத் தடுப்பு இருந்தது, அதை இவன்தான் கழற்றிவிட்டுக் கையை விட்டான் என்றார். அப்படியே எழுதிய காகிதத்தில் கைநாட்டு வைத்தால் ஏதோ பார்த்துச் செய்கிறேன் என்றும் சொல்லியனுப்பினார். புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் காகிதத்தோடு என் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள்.

விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் சோடாக்கடை வைத்திருப்பவன் நான். மூன்றாம் பாரம் வரை படித்தவன். நான்காம் பாரத்துக்கு என்னைத் தாங்கும் சக்தி இல்லை. என் கடையில் சோடா குடிக்காமல் எந்த டிரைவரும் ரயிலைக் கிளப்பியதில்லை. அப்படி வருகிறவர்களில் லோகோ ஷெட் பிட்டர் ஒருவர் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டால்கூட இஞ்சினைப் பிரித்துப் பூட்டுவார். அவர்தான் காகிதத்தைப் படித்துவிட்டுக் கைநாட்டு கூடாது என்றார். தொழிலாளி நஷ்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதாம். அதில் கைக்கு இவ்வளவு, கட்டைவிரலுக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு என்று உடம்பையே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்களாம். இதற்கென்று சென்னையில் கமிஷனர் உண்டு; கெடுவுக்குள் மனுப்போட வேண்டும். ஆனால் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியவனுக்கு, உயிர் போனால் ஒழிய ஒன்றும் கிடையாது. முதலாளியின் காகிதம் குறிவைத்தது அங்கேதான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு கூலிக்காரனின் கட்டைவிரலைப் பற்றி யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே! மனுவை நானே எழுதினேன். மனுநீதிச் சோழனில் தொடங்கிப் பதினாறு பக்கம். பிட்டர் அதை ஒரு பக்கமாக்கி அனுப்பினார். மற்ற பதினைந்து பக்கத்தின் வேகத்தில்தான் அந்த ஒரு பக்கம் சென்னைக்கே போய்ச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம். விசாரணைக்கு அதிகாரி திண்டிவனம் வருகிறார், மில்லையும் நேரில் பார்ப்பார் என்று பதில் வந்தது.

காலை பாசஞ்சரில் நானும் அஞ்சலையும் முனுசாமியும் கிளம்பினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஏழணாவுக்குச் சற்றுக் குறைவு. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், பிறகு திண்டிவனம். பேரணியில் காலணாவுக்கு மடி நிறைய வறுத்த மல்லாட்டை கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். முனுசாமி இடது கையால் கொறித்தான். வலது கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தான். மயிலம் கோயில் மலை தெரிந்ததும் வண்டியே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவன் தலையை மட்டும் குனிந்தான்.

திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து மில் ஒன்றரை மைல். ஜட்கா நான்கணா கேட்பான், இரண்டணா போதும். எங்களுக்கு வாய்த்தவன் விஷயம் தெரிந்ததும் குதிரையை விட்டுவிட்டு எங்களையே விரட்டத் தொடங்கினான்.

"பிராது குட்த்த ஆளு நீதானா? பேஜாரு புடிச்ச வேலைப்பா. முதலாளி கையில வக்கீலு கீறாரு, போலீசு கீது. உங்க கையில இன்னா கீது?"

"அவரு கையில நாலு வெரலு இல்ல, அதான் கீது. ஜல்தி ஓட்டு" என்றாள் அஞ்சலை.

மில்லைப் பார்த்து நான் வாயடைத்து நின்றேன். என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். சக்கரம் மயிலம் கோபுரத்தில் பாதி இருக்கும். சரி, இரண்டு ஆள் உயரம். அது சுற்றினால் தரை நடுங்கியது, பல் நடுங்கியது, இடுப்பில் இருந்த சில்லறை தானாகக் குலுங்கியது. இதன் வாயிலிருந்து ஒரு மனிதன் மீதிக் கையோடு திரும்பினானே என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

இஞ்சினை நிறுத்தினார்கள். அதிகாரி கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். முதலில் முனுசாமிக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். முதலாளி நிற்க, கூலிக்காரன் நாற்காலியில் உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு, சக்கரத்தின் முன்னால் இருந்த மரச்சட்டத் தடுப்பைக் காட்டினார். மில் வைத்த நாள் முதல் இருப்பது இதுதான் என்றார். வேலைக்காரர்கள் நான்கு பேர் தலையாட்டினார்கள். முனுசாமி சத்தியம் செய்தான். ஆனால் அவன் சத்தியம் ஒன்று, அந்தப் பக்கம் ஐந்து. அதிகாரி பேனாவை மூடப் போனார்.

நான் சட்டப்படி ஒரு பெரிய பேச்சு பேச வாயெடுத்தேன். அதற்குள் அஞ்சலை தடுப்பின் கிட்டே போய் நின்றாள்.

"தொரைங்களே, ஆயுத பூஜைக்கு நானும் இங்க வந்து பொரி வாங்கிக்கினு போனேன். முதலாளி அவுரு கையாலயே எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாரு. பாருங்க, தராசுக்கு கீது, படிக்கு கீது, அந்த ஒடஞ்ச மொறத்துக்குக்கூட கீது. உள்ள சக்கரத்து ஆரத்துல கீது. இந்தக் கட்டைக்கு மட்டும் ஏன் வெக்கல?"

எல்லோரும் குனிந்து பார்த்தோம். சட்டங்களின் இடுக்கில், சக்கரத்தின் ஆரங்களில் சந்தனமும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கோடு இறுகிக் கிடந்தன. இடுக்கு வழியாக ஒரு விரல்கூட அவ்வளவு தூரம் போகாது. தடுப்பிலோ முன்னும் பின்னும் பொட்டின் சுவடே இல்லை.

பூஜைக்காக அதைக் கழற்றி வைத்திருந்தோம் என்றார் முதலாளி.

"கழட்டி வெச்சா என்னா முதலாளி? தொடப்பத்துக்கே வெச்சீங்களே. இது இருந்திருந்தா வுட்டிருப்பீங்களா?"

அதிகாரி சுவரில் இருந்த லட்சுமி படத்தைக் காட்டி, அதைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்றார். முதலாளி படத்தைப் பார்த்தார். இஞ்சின் நின்ற மில்லில் எண்ணெய் சொட்டுவது கேட்டது.

"கை போன அப்புறம் செஞ்சதுங்க" என்றார்.

பேனா திறந்தது. தலையாட்டிய நான்கு பேரில் ஒருவன் முனுசாமியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். சித்திரைக்குள் பணம் கமிஷனர் மூலமாகவே வந்து சேர்ந்தது. பட்டியலில் எவ்வளவு உண்டோ அவ்வளவு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அடிபட்ட உடனே முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கமிஷனரிடம் பதியாத ராஜிக் காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மனுவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள், மனம் கேட்காவிட்டாலும். கூட ஒரு பெண்பிள்ளையை அழைத்துப் போங்கள்; அவர்கள் கண்ணுக்குத் தப்புவது குறைவு.

இன்னொன்று. திரும்பும்போது மலை தெரிகிற பக்கம் ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்று சாயங்கால வண்டியில் மயிலம் வந்தபோது முனுசாமி துண்டை உதறித் தோளில் போட்டான். அந்த வலது கையை வெளியே எடுத்தான். ஐந்து விரலையும் ஒரு விரலையும் சேர்த்து, வண்டியில் எல்லோரும் பார்க்க, தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான்.