ரெண்டும் ஒண்ணு

என் அண்ணன் மகளுக்குப் பட்டப்பெயர் வைத்தது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நடுவில் சில மாதங்கள் அந்தக் கர்வம் என்னை விட்டுப் போயிருந்தது. இப்போது வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது.

அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கடையின் முன்பக்கம் என் ராஜ்ஜியம். ஃப்ரேம்களைத் துடைத்து அடுக்குவது, காது வலிக்கிறது என்று வருபவர்களுக்குக் கம்பியைச் சூடாக்கி வளைத்துக் கொடுப்பது, "இது எனக்கு எடுப்பா இருக்கா?" என்று கேட்பவர்களிடம் வியாபாரம் கெடாத அளவுக்கு உண்மை பேசுவது, எல்லாம் நான். பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு இருட்டறை. அங்கேதான் அண்ணன் கண் பார்ப்பான். வந்தவர் மூக்கின் மேல் கனமான சோதனை ஃப்ரேம் ஒன்றை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். நாள் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டு, எனக்கு யார் என்ன கேட்டாலும் 'ரெண்டு' என்று சொல்ல வாய் வரும்.

அந்த அறையில் அவன் வைத்ததுதான் சட்டம். பதில் சொல்ல வேண்டியது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மட்டும். பிள்ளைக்காக அம்மா பதில் சொல்ல ஆரம்பித்தால், "கண்ணு பிள்ளையோடது. பிள்ளை சொல்லட்டும்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவான். அப்படிக் கோபித்துக்கொண்டு போனவர்களைச் சமாதானப்படுத்திக் கூட்டிவருவதும் என் வேலையில் சேர்த்தி.

மகளுக்கு ஏழு வயதில் முதல் தடவை கண் பார்த்தான். பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பவர் முகம் வாடக்கூடாது என்று எதையாவது சொல்லிவைப்பார்கள். இவள் கழுத்தைச் சாய்த்து, நன்றாகப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதான்பா. சும்மா மாத்தி மாத்தி ஏமாத்தாதீங்க" என்றாள்.

அண்ணன் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து என்னிடம் சொன்னான். "கேட்டியா? வித்தியாசம் இல்லைன்னா இல்லைன்னு சொல்றா. பெரியவங்களே சொல்ல மாட்டாங்க. ரெண்டும் ஒண்ணாத் தெரியிற இடத்துலதான் பவர் சரியா நிக்கும்."

அன்றிலிருந்து அவள் எங்களுக்கு 'ரெண்டும் ஒண்ணு'. அவளும் அந்தப் பெயரை விடவில்லை. ஒரு நாள் என் அண்ணி, "என் சமையல் நல்லா இருக்கா, உங்க அத்தை சமையலா?" என்று வம்புக்குக் கேட்டு வைத்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்மா" என்று பதில் வந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே அவளோடு பேசவில்லை.

அவளுக்குப் பதினாறு முடிந்தது. நீச்சலுக்குப் போவதை நிறுத்தினாள். தலைமுடி ஈரமாக வந்து கடை முழுக்கச் சொட்டவிடுகிற பெண், கடைப்பக்கமே வருவதில்லை. தூங்கினாள், அல்லது தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள். நீச்சலுக்குப் போகலையா என்று கேட்டால், "போனாலும் போகலைன்னாலும் ரெண்டும் ஒண்ணுதான்." சாப்பிடக் கூப்பிட்டால் அதே பதில். மேலே என்ன படிக்கப்போகிறாய் என்றால் அதே பதில். நாங்கள் சிரித்தோம். வேறு எந்த வீட்டிலாவது ஒரு பெண் இப்படிப் பேசியிருந்தால் அப்போதே காது கொடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அது பழைய நகைச்சுவை. அவள் அதைச் சொன்னால் சிரிப்பது எங்களுக்குப் பழக்கம்.

என் சிரிப்பு நின்றது ஒரு சாயங்காலம். கடை வாசலில் நின்று பார்க்கிறேன், எதிர்ச் சாரியில் அவள் நடந்து வருகிறாள், முகத்தில் கண்ணாடி இல்லை. அவளுடைய பவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் பஸ் வருவதே தெரியாது, நம்பர் எங்கே தெரியப்போகிறது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"கண்ணாடி எங்கடி?"

"பையில இருக்கு அத்தை."

"பையில எதுக்கு? மூக்கை என்ன வாடகைக்கா விட்டிருக்க?"

அவள் சிரிக்கவில்லை. "போட்டாலும் போடலைன்னாலும் ரெண்டும் ஒண்ணுதான் அத்தை" என்றாள்.

வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி விற்றவள் நான். அது பொய் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் இருந்தது. அவளைக் கடைக்குள் கூட்டிவந்தேன். ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு, இருட்டறையிலிருந்த அண்ணனை வெளியே கூப்பிட்டு, "உன் மக ஆறு மாசமா என்ன சொல்லிட்டிருக்கான்னு இன்னிக்காவது கேளு" என்று கத்தினேன். பாவம், உள்ளே ஒரு பெரியவர் சோதனை ஃப்ரேமோடு உட்கார்ந்திருந்தார். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

முதலில் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போனாள். வாரா வாரம் பேசினாள். கொஞ்சம் தெளிவாள், மறுபடி மங்குவாள். சில மாதம் கழித்து ஆலோசகரே ஒரு மனநல டாக்டரிடம் அனுப்பினார். அண்ணன், அண்ணி, அவள், நான் என்று ஒரு ஊர்வலமாகப் போனோம்.

டாக்டர் அம்மா அவளைப் பார்த்து, "தூக்கம் எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாத் தூங்குவா டாக்டர்" என்றான் என் அண்ணன்.

"பசி?"

"கொஞ்சம் கம்மிதான். சின்ன வயசுலேர்ந்தே..."

"அப்பா" என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். "நாற்காலியில யாரு உக்காந்திருக்கா?"

அண்ணன் வாயை மூடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் தன் தூக்கத்தைத் தானே சொன்னாள், பசியைச் சொன்னாள். உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரெண்டும் ஒண்ணு என்று சில நாள் தோன்றுவதையும் சொன்னாள். அண்ணி என் கையை நசுக்கினாள்.

இது மனச்சோர்வு என்றார் டாக்டர். பேச்சு சிகிச்சையை நிறுத்த வேண்டாம், அதோடு மாத்திரையும் சேர்த்தால் நல்லது என்று நினைப்பதாகச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. குறைந்த அளவில் ஆரம்பிப்போம், பலன் தெரியச் சில வாரம் ஆகும், அதற்குள் குமட்டல் வரலாம், தூக்கம் கெடலாம். இந்த வயதில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் உயிர் வேண்டாம் என்கிற நினைப்பு அதிகமாவதும் உண்டு, அதனால் பக்கத்தில் ஒருவர் கவனமாக இருக்க வேண்டும், அப்படி வந்தால் உடனே கூப்பிட வேண்டும். நன்றாக இருக்கிறது என்று நாமாக நிறுத்தக் கூடாது. "வீட்ல பேசிட்டு வாங்க. முடிவுல அவளுக்குச் சம்மதம் இருக்கணும்" என்றார்.

வீட்டில் பேசினோம் என்பதைவிட, சண்டை போட்டோம். டாக்டர் சொன்னதில் அண்ணி காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். "அந்த நினைப்பு அதிகமாகும்னு அவங்களே சொல்றாங்க. அப்புறம் எதுக்குக் குடுக்கணும்?" என்று அழுதாள். பழகிப்போய் மாத்திரை இல்லாமல் இருக்க முடியாமல் ஆகிவிட்டால் என்ன செய்வது, நாளைக்கு நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்றாள். நாலு பேருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அவர்கள் விலாசத்தைக் கொடு என்றேன். அண்ணி பயந்ததில் தப்பில்லை. பெற்றவள். எனக்கும்தான் பயம், ஆனால் எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

அண்ணன் வேறு மாதிரி. கண்ணாடிக்காரன் புத்தி எங்கே போகும். "இதுல யோசிக்க என்ன இருக்கு? கண்ணு சரியாத் தெரியலைன்னா கண்ணாடி போடுறோம். மனசுக்கு மாத்திரை. அவ்வளவுதான்" என்றான். அதை அன்றைக்கு எத்தனை தடவை சொன்னான் என்று கேட்காதீர்கள்.

அவள் எழுந்து போய்விட்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயம். யாராவது அழுத்தினால் "ரெண்டும் ஒண்ணுதான், குடுங்க" என்று விழுங்கிவிடுவாள். அப்படி விழுங்குவது சம்மதம் ஆகுமா?

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அண்ணனும் நானும் கணக்கில் வராத வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தோம், அதாவது தூசி தட்டிக்கொண்டிருந்தோம். பாதி திறந்திருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து அவள் உள்ளே வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். நேராக இருட்டறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பா, ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

அண்ணன் துணியோடு போய் நின்றான். நான் திரையருகே நின்றேன். ஒளிந்து கேட்கவில்லை, பகிரங்கமாகத்தான் கேட்டேன்.

"கண்ணு ரொம்ப மங்கலா இருக்கிறவங்க ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"மங்கலா இருக்கிறப்ப சின்ன வித்தியாசம் தெரியாதும்மா. கொஞ்சம் பெரிய வித்தியாசமா லென்ஸ் வச்சுக் காட்டுவேன்."

"காட்டிட்டு?"

"அவங்களக் கேப்பேன்."

"நீங்களா முடிவு பண்ண மாட்டீங்க?"

"அது எப்படி? கண்ணு அவங்களோடது."

அவள் மேசைமேல் இருந்த சோதனை ஃப்ரேமை எடுத்துக் கையில் திருப்பினாள். "நீங்க சொல்ற கண்ணாடிக் கதை தப்புப்பா. கண்ணாடி போட்ட உடனே தெரியும், மாத்திரை அப்படித் தெரியாது. சரியா இருக்குமான்னு டாக்டருக்கே நிச்சயமாத் தெரியாது. இது கண்ணாடி இல்ல, இந்த சோதனை லென்ஸ் மாதிரி. போட்டுப் பாத்துட்டு நான் சொல்றேன். வேண்டாம்னா நானாக் கழட்ட மாட்டேன், டாக்டர்கிட்ட சொல்லித்தான். ஆனா சொல்றது நான்தான். அப்படின்னா போட்டுக்குறேன்."

அண்ணன் தலையை ஆட்டினான். பத்து மாதமாக எதிலும் ஒரு பக்கம் சாயாத பெண், சாய்ந்து, ஏன் சாய்ந்தேன் என்று காரணமும் சொல்கிறாள். மங்கிக் கிடந்த மூளையால் இவ்வளவு யோசித்திருக்கிறாளே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இன்னொண்ணு" என்றாள். "அந்த மாதிரி நினைப்பு வந்தா யார்கிட்டச் சொல்றதுன்னு டாக்டர் முடிவு பண்ணச் சொன்னாங்க. நான் அத்தைகிட்டச் சொல்றேன்."

"ஏன், அம்மா இல்லையா? நான் இல்லையா?" என்றான் அண்ணன்.

"அம்மா அழுவாங்க. நீங்க லென்ஸ் கதை சொல்வீங்க. அத்தை திட்டுவாங்க. திட்டிக்கிட்டே வந்துடுவாங்க."

என்னைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லி முன்பக்கம் வந்துவிட்டேன்.

மாத்திரையை அண்ணிதான் எடுத்துக் கொடுத்தாள். பயம் போகவில்லை, ஆனாலும் ஒரு நாள் விடாமல் கொடுத்தாள். முதலில் குமட்டல். பிறகு தூக்கம் கெட்டது. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஒரு மத்தியானம் கடையில் ஒருவருக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது.

"அத்தை. இன்னிக்கு ரொம்ப மோசமா இருக்கு. அந்த நினைப்புதான். சொல்லணும்னு சொன்னேன்ல, சொல்லிட்டேன்."

"இவ்வளவு மெதுவாவா சொல்லுவ? அங்கேயே இரு. போனை வைக்காத" என்று திட்டிக்கொண்டே ஓடினேன். அந்த வாடிக்கையாளர் ஒரு காதுப் பக்கம் கம்பி வளைந்தும் மறு பக்கம் வளையாமலும் நின்றுகொண்டிருந்தாராம். டாக்டர் அன்றைக்கே பார்த்தார், மாத்திரை அளவை மாற்றினார். அடிக்கடி வரச் சொன்னார். அவளைத் தனியாக விடாமல் மாற்றி மாற்றிக் கூடவே இருந்தோம். பகலில் கடைக்குக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஃப்ரேம்களைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். நான் இன்னும் நாலு ஃப்ரேமை எடுத்துக் கொடுத்தேன்.

துணிச்சல் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், அந்த போனைச் சொல்வேன். பெருமைப்பட வேறென்ன வேண்டும்?

பிறகு மெதுவாக, எந்த நாள் என்று காட்ட முடியாதபடி, வித்தியாசம் வந்தது. ஒரு நாள் சாப்பாட்டில் உப்பு கூடுதல் என்று சண்டை பிடித்தாள். அண்ணி சந்தோஷத்தில் அடுத்த நாளும் கூடுதலாகப் போட்டுவிட்டாள். ஒரு நாள் கடைக்குள் ஈரத் தலையோடு வந்து தரையெல்லாம் சொட்டினாள். நான் துடைப்பத்தைத் தேடாமல் நின்று பார்த்தேன். ஆலோசகரிடம் இன்னும் போகிறாள், மாத்திரையும் ஓடுகிறது, மங்கலான நாட்களும் வருகின்றன.

போன வாரம் அவளுடைய கண்ணைப் பரிசோதிக்கிற முறை வந்தது. திரைக்குப் பின்னால் அண்ணன் குரல் கேட்டது. முன்னால் ஒரு அம்மா இரண்டு ஃப்ரேமை வைத்துக்கொண்டு என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"இப்போ?"

"ஒண்ணு. நல்லாவே தெரியுது."

"இது?"

லென்ஸைத் திரும்ப மாற்றிப் போடுகிற சத்தம் கேட்டது. "ரெண்டும் ஒண்ணு" என்றாள்.

அண்ணன் அடுத்த லென்ஸைப் போடவில்லை. என் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"பயப்படாதீங்கப்பா" என்றாள் உள்ளேயிருந்து. "இது நெஜமாவே ரெண்டும் ஒண்ணுதான். பவர் சரியா வந்து நின்னுடுச்சு."

அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு மட்டும்தானா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

"உள்ள யாருங்க?" என்றார் அந்த அம்மா.

"எங்க அண்ணன் மக" என்றேன். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."