லைட்டு போடுவதற்குள்

காசிமேட்டில் சாலமோனின் ஏலக் கொட்டகையில் ஒரே ஒரு பல்பு உண்டு. பொழுது சாய்ந்ததும் அவர் அதைப் போடுவார். காலையில் கடனுக்கு மீன் எடுத்த பெண்கள் அதற்குள் விற்று முடித்துப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். எழுத்து இல்லை, வட்டி இல்லை, சாட்சி இல்லை. லைட்டு போட்ட பிறகு வருகிறவளின் குரல் மறுநாள் ஏலத்தில் சாலமோன் காதில் விழாது. பாக்கியை முடிக்கும்வரை விழாது. தண்டனை அவ்வளவுதான். அதை யாரும் லேசாக நினைத்ததில்லை.

பவுனம்மாள் எப்போதும் கடைசியாகத்தான் வருவாள். திருவொற்றியூர்த் தெருக்களில் கூவி விற்றுவிட்டு, ஷேர் ஆட்டோவிலிருந்து காலிக் கூடையோடு குதித்து ஓடிவருவாள்.

"அண்ணே, லைட்ட போட்டுடாதே!"

சாலமோன் சுவிட்சில் விரலை வைத்தபடி நிற்பார். "போடப் போறேன் பவுனு... இதோ... போட்டுட்டேன்..."

இருபது வருடமாக இதே விளையாட்டு. ஒருநாளும் அவள் வருவதற்குள் அவர் போட்டதில்லை.

கணவர் செல்வம் போன பிறகு அந்தக் கூடைதான் குடும்பம். மகள் வினிதாவை டிப்ளமோ படிக்க வைத்ததும் அதுதான். வினிதாவுக்கு எண்ணூரில் ஓர் ஆலையில் வேலை. அழுத்தம், வெப்பம் அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பாள். "என் பொண்ணு கம்பெனிக்கே ஜொரம் பாக்குறா" என்று பவுனம்மாள் மீனோடு சேர்த்து இதையும் தெருத்தெருவாக விற்றாள்.

விற்காத மீனை மறுநாளுக்கு வைக்க ஒரு ஃப்ரீசர் வேண்டும் என்று அவளுக்கு ஆசை. டோல்கேட் பக்கத்தில் ஒரு வங்கி கடன் கொடுத்தது. ஃப்ரீசர் வந்த அன்று அதற்குப் பூமாலை போட்டாள், பொட்டு வைத்தாள், தெருவுக்கெல்லாம் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள்.

"மாசா மாசம் அஞ்சாம் தேதி ரெண்டாயிரத்து நானூறு. அக்கவுன்ட்ல இருக்கணும்மா" என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள்.

பவுனம்மாளுக்கு அஞ்சாம் தேதி என்றால், அஞ்சாம் தேதி லைட்டு போடுவதற்குள். வேறு எப்படியும் அவளுக்குத் தோன்றவில்லை. சாலமோனிடம் கணக்கை முடித்து, திரும்பும் வழியில் டோல்கேட்டில் இறங்கி, மெஷினில் பணத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். வங்கியோ அன்று விடியற்காலையிலேயே கணக்கில் கையை விட்டுப் பார்த்துவிடும். பணம் இல்லை, தவணை திரும்புகிறது, ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் அபராதம்.

ஒவ்வொரு தடவையும் போனில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. காலையில் வந்தால் ஞாபகப்படுத்துகிறான் என்று எடுத்துக்கொண்டாள். பிறகு வந்தால் ரசீது.

"ஒயுங்கான பேங்க்குடி. துட்டு போட்டா பதிலு போடறான் பாரு. உன் சித்தப்பனுக்குக் குட்த்தா போனே எடுக்க மாட்டான்."

வினிதா சிரித்தபடி ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் காலை, ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் கொட்டகைக்குள் வந்தான். வங்கியின் வசூல் ஆள், ஜெபசிங்.

"இங்க பவுனம்மா யாரு? ரெண்டு மாச டியூ கட்டல!"

ஏலம் பாதியில் நின்றது. எதிர்க் கூடைக்காரி ரமாபாய்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னா பவுனு, பேங்க்குக்கே நாமமா? சொல்லவேல்ல!"

பவுனம்மாள் அடுத்த கூடை சங்கரா மீனுக்கு விலை கேட்டாள். சாலமோன் வேறு பக்கம் பார்த்தார். மறுபடி கேட்டாள். அவர் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கு மட்டும் சந்தோஷமா பவுனு? யாருக்கு வச்சாலும் பாக்கி பாக்கிதான். உனக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணுன்னு வைக்க முடியாது. கணக்க முடிச்சுட்டு வா."

அன்று அவள் மீன் எடுக்காமல், காலையிலேயே காலிக் கூடையோடு வீட்டுக்கு வந்தாள். இருபது வருடத்தில் முதல் தடவை. கூடையைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"ஆறு மாசமும் போட்டேன்டி. மிசின் முழுங்கிச்சா?"

வினிதா வங்கிக் கணக்கைப் போனில் திறந்தாள். ஆலையில் பழுது தேடுவதுபோல முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பழுது கிடைத்தது. கணக்கு காலியாக இருந்தபோது அபராதத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள். மாலையில் அம்மா போட்ட பணம் முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பியது. மிச்சம் தவணைக்குப் போதவில்லை. சில நாள் கழித்து வங்கி மறுபடி தவணையை எடுக்கப் பார்த்தது. போதாததால் இன்னோர் அபராதம். போட்டது ஆறு தவணை, போய்ச் சேர்ந்தது நான்கு. அபராதம் எட்டு. கணக்கில் மிச்சம் எண்பது ரூபாய்.

"எட்டையும் திருப்பி வாங்கணும்மா. கம்ப்யூட்டர் ஒரு தடவ தொட்டுப் பாத்ததுக்கு ஐந்நூத்தித் தொண்ணூறா? கொள்ளை."

பவுனம்மாள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "அவன் காலையில வரான்னு எனுக்குத் தெரியல. கேட்டிருக்கணும், கேக்கல. அந்த ஆறு காலையும் என்னோட தப்பு. கொள்ளைதான், இருந்தாலும் என் தப்பு. மிச்சம் ரெண்டு? நான் கரெக்டா துட்டு போட்டப்புறம், அவன் அபராதம் அத்தத் துன்னுட்டு, துட்டு கம்மியா கீதுன்னு இன்னொண்ணு போட்டுக்கிறான். அது எப்டி என் தப்பு?"

மறுநாள் வங்கியில் மேனேஜர் திலீப் முன்னால் இதையே சொன்னாள். அவர் எட்டுக்குச் சண்டை வரும் என்று தயாராக இருந்தார் போலிருக்கிறது. இரண்டு என்றதும் திரும்பத் திரும்பக் கணக்கைப் பார்த்தார்.

"ரூல் அப்படிம்மா. சிஸ்டம் தானா போடுது."

"தானா போடுதா? அப்ப தானா எடுக்கச் சொல்லு நைனா."

வினிதா குறுக்கே வந்தாள். "சார், உங்க அபராதமே அடுத்த அபராதத்துக்குக் காரணம். எங்க ஆலையில ஒரு கருவி இப்படி வேலை செஞ்சா கழட்டிப் போட்டுடுவோம்."

திலீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு வரைக்கும் திருப்பித் தர எனக்கு அதிகாரம் இருக்கு. மூணாவே தந்துடறேன்."

"மூணாவது எதுக்கு?"

"சும்மாதான்மா. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க."

பவுனம்மாள் முகம் மலர்ந்தது. "கொசுறா? குடு, குடு. கொசுறு வாணாம்னு யாராவது சொல்வாங்களா? நீ மீன் துன்னுவியா சார்?"

"சாப்பிட மாட்டேன்மா."

"அடப் பாவமே. உனுக்கு நான் கொசுறு தர முடியாதே."

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போனார்.

அவள் எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு கீது சார். உங்க ஆளு கொட்டாயில வந்து சத்தம் போட்டு என் பேரச் சொன்னான். மிச்ச துட்ட நாளைக்குக் கட்டிடறேன். கட்டுனதும் அதே எடத்துல, அதே சத்தத்துல, கட்டிட்டான்னு சொல்லணும்."

"அப்படியெல்லாம் வழக்கம் இல்லம்மா."

"கொட்டாயில வந்து கேக்குறது மட்டும் வயக்கமா?"

திலீப் போனை எடுத்து ஜெபசிங்கை வரச் சொன்னார்.

திரும்பி வந்த அபராதம் போக, இரண்டு தவணைக்கு இன்னும் மூவாயிரம் ரூபாய்போல வேண்டியிருந்தது. வினிதா தருகிறேன் என்றாள். "கடன் என் பேர்ல கீது, நீ கம்முனு இரு" என்றாள் பவுனம்மாள். ஃப்ரீசரில் இருந்த மீன் மொத்தத்தையும் கூடையில் கொட்டிக்கொண்டு கிளம்பினாள். "அத்த வாங்குன கடன அதுவே கட்டட்டும்."

மறுநாள் பணம் கட்டினாள். அதற்கு அடுத்த நாள் காலை வினிதா லீவு போட்டுவிட்டுக் காசிமேட்டுக்குப் போனாள். இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஜெபசிங் ஐஸ் பெட்டியின் மேல் ஏறி நின்றான். இந்தத் தடவை ஹெல்மெட் கையில் இருந்தது.

"பவுனம்மாள் கணக்குல பாக்கி எதுவும் இல்ல!"

"காதுல வியல!" என்றாள் ரமாபாய், முன்வரிசையிலிருந்து.

"பாக்கி இல்லைங்க!"

"யாருக்கு?"

"பவுனம்மாளுக்கு! பாக்கி! இல்ல!"

கொட்டகையே கைதட்டியது. பவுனம்மாள் அவன் இறங்கக் கை கொடுத்தாள். ஒரு பை நெத்திலியையும் கொடுத்தாள். "உங்க சாருதான் துன்ன மாட்டாரு. நீ துன்னு."

அவள் குரல் எழுந்ததும் சாலமோன் திரும்பினார். முதல் கூடை சங்கரா அவளுக்குப் போனது. ரமாபாய் வேண்டுமென்றே விலையை ஐம்பது ரூபாய் ஏற்றிவிட்டிருந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் நாலாம் தேதி மாலையே மெஷினில் பணம் விழுந்தது. "பேங்க்குக்காரன் லைட்ட மொத நாளே போட்டுடறான்" என்று அதற்கொரு விளக்கமும் வைத்திருந்தாள். மற்ற மீன்காரப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

போன தை மாதம் ஒரு மதியம், விற்றுக்கொண்டிருந்த தெருவிலேயே பவுனம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. கூடை காலியாகத்தான் இருந்தது.

வீடு நிறைய ஆட்கள். மாலையில் வினிதாவின் கையில் அம்மாவின் சுருக்குப் பையைக் கொடுத்தார்கள். அதைப் பிரித்து, அன்று மீன் விற்ற பணத்தைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். "இப்ப எங்கடி போற?" என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். அவள் நிற்கவில்லை. வழியெல்லாம் கன்டெய்னர் லாரி. காசிமேட்டில் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது.

கொட்டகையும் இருட்டாக இருந்தது. பெண்கள் போன் வெளிச்சத்தில் பணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"கரண்டு இல்லியா?" என்று கேட்டாள் வினிதா.

"கீது" என்றாள் ரமாபாய். சுவிட்ச் பக்கம் தலையை ஆட்டினாள்.

சாலமோன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வினிதா பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினாள். அவர் எண்ணாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

பிறகு லைட்டைப் போட்டார்.